பேரைச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அப்பாவின் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், அவரைப் பற்றி நல்லபடியாக எழுதச் சொன்னீர்கள். அவரைப் பற்றி எழுத நல்லதுதான் இருக்கிறது. உங்களில் பலரைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. பொறுக்க முடியாதவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

அப்பா, பரளச்சிக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. தாத்தா சீக்கிரமே போய்விட, தம்பியையும் தங்கையையும் அவரே வளர்த்தார். மழை பெய்யாத வருடங்களில் அருப்புக்கோட்டைக்கு லோடு இறக்கப் போனார். தங்கையைப் பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்த பிறகே தனக்குப் பெண் பார்த்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார்.

ஆனால் சுற்றுவட்டாரம் அவரை அறிந்தது வேறொன்றுக்காக. யாருக்கு யார் என்ன முறை என்பது அவருக்குத் தெரியும். சம்பந்தம் பேசும் முன், அண்ணன் தங்கை முறை வந்துவிடுமோ என்று கேட்க அவரிடம்தான் வருவீர்கள். திருச்சுழி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, இறங்குவதற்குள், "அப்ப நீ எனக்கு மச்சினன்ல ஆகுற! இம்புட்டு நேரம் மரியாதையாப் பேசிட்டனே" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அவருக்குத்தான் பேர்கள் நழுவத் தொடங்கின. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டார். காட்டிலிருந்து வரும்போது பழகிய பாதையிலேயே திகைத்து நின்றார். "வயசானா அப்படித்தான்" என்றீர்கள். செய்வினை என்றும் சிலர் சொன்னீர்கள். நான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அப்பாவிடம் நாள், கிழமை, பேர்கள் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். இது வயதானால் எல்லாருக்கும் வருவதில்லை; மூளையைப் பிடிக்கும் நோய். முழுதாகக் குணமாக்க இன்னும் மருந்தில்லை. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம் இவற்றை நேரத்தோடு கவனித்தால், ஆட்களோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தால், பலருக்கு இது தள்ளிப்போகிறது. பிறகு ஒன்று சொன்னார்: "நடந்தது மறந்துபோகும் தம்பி. ஆனா அது குடுத்த சந்தோஷமோ அவமானமோ உள்ளேயே தங்கிடும். ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. அதனால 'என்னத் தெரியுதா'ன்னு யாரும் கேக்க வேண்டாம். வர்றவங்க பேரச் சொல்லிட்டுப் பேசட்டும்."

இதை உங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கேட்டீர்களா?

வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "அண்ணே, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்!" என்பீர்கள். அப்பா உற்றுப் பார்ப்பார். "தெரியாம என்ன, நம்ம ஆளுதான்" என்று சமாளிப்பார். "அதெல்லாம் செல்லாது, பேரச் சொல்லணும்" என்று விடாமல் பிடிப்பீர்கள். பிறகு காபியைக் குடித்துவிட்டு, "பாவம், அம்புட்டுந்தான்" என்று எழுந்து போவீர்கள்.

அத்தை மகன் கல்யாணம் பாளையம்பட்டி மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் மாலை போட வேண்டியவர் அப்பா. அம்மா விடியற்காலையிலேயே அவருக்குப் புது வேட்டி கட்டிவிட்டு, "உங்க தங்கச்சி மகன் கல்யாணம்ங்க, நீங்கதான் மாலை போடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவும் மேடையேறி, மாலைக்காகக் கையை நீட்டினார். மாலை சித்தப்பா கையில் இருந்தது.

"மாப்பிள்ளை பேரச் சொல்லுண்ணே. அப்பத்தான் மாலை."

யாரோ மைக்கை அப்பாவின் வாயருகே கொண்டுபோனார்கள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நம்ம புள்ள" என்றார்.

"ஊருல உள்ள புள்ளயெல்லாம் நம்ம புள்ளதான்! ஊருக்கே முறை சொன்ன ஆளு, சொந்த மருமகன் பேரச் சொல்லத் தெரியலயே!" என்றார் சித்தப்பா.

மண்டபம் சிரித்தது. செல்போனில் படம் பிடித்தீர்கள். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அப்பா மேடையிலிருந்து இறங்கினார். மாலையைச் சித்தப்பா போட்டார்.

நான் சண்டைக்குப் போனபோது அத்தை கேட்டார்: "ஏ மருமகனே, டாக்டரு கேட்டா வைத்தியம், நாங்க கேட்டா குத்தமாக்கும்? நாலெழுத்துப் படிச்சிட்டு எங்களுக்கே பாடம் எடுக்க வந்துட்டான்!"

அன்று என்னைப் பேச விடவில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டரம்மா நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். அப்பா திணறியதும் அவராகவே பேச்சை மாற்றினார். நீங்கள் மைக் வைத்துக் கேட்டீர்கள்.

மறுநாள் காலையில் அப்பாவுக்குக் கல்யாணமே நினைவில் இல்லை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், எழுந்துபோய் மாட்டுக்கொட்டத்தில் நின்றுகொண்டார். "ஏங்க இங்க வந்து நிக்கிறீக?" என்று அம்மா கேட்டால், "யாரோ வந்திருக்காக. கேள்வி கேப்பாக" என்பார். டாக்டரம்மா சொன்ன அவமானம் இதுதான். ஊரெல்லாம் உறவு கண்டவர் அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. பேச்சும் குறைந்து, படுத்துவிட்டார்.

கடைசி நாட்களில் அம்மா ஒவ்வொரு முறையும் நிலைப்படியிலேயே, "நான்தான், உங்க வீட்டுக்காரி. கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வருவார். "தெரியும் தெரியும்" என்பார் அப்பா. தெரிந்ததோ இல்லையோ, பயப்படாமல் வாயைத் திறந்தார்.

அவர் இறந்த அன்று அத்தை அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னத் தெரியலயாண்ணே, ஒரு தடவ எம் பேரச் சொல்லுண்ணே" என்று அழுதார். உயிர் போன பிறகும் உங்கள் கேள்வி ஓயவில்லை.

பந்தல் போட்டவர்களுக்கும், தூக்கிச் சென்றவர்களுக்கும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்டரம்மாவுக்கு நன்றி. "நான் மேலக்காட்டுக்காரன் வந்திருக்கேன்யா" என்று சொல்லிவிட்டே எப்போதும் உள்ளே வந்த பக்கத்துக் காட்டு அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நன்றி எழுதச் சொன்னார் அம்மா. அவர் சொல்லை இந்த ஒன்றில் மட்டும் மீறுகிறேன்.

இந்த நினைவு நாளுக்கு அழைக்க வீடு வீடாக வந்தேன் அல்லவா? உங்களில் ஒருவர், எந்தக் கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகளே, சிரித்தது போதும், இப்போதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால் நான் கூட்டிப்போகிறேன்.

கிழமை கேட்ட அவர் மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போகும்போது, செருப்பைக் கழற்றும் முன்பே, இன்னார் மகன், இன்ன பேர், வந்திருக்கிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.