அமாவாசையில் சுற்றிய தார்

என் சித்தப்பாவுக்கு அமாவாசை ஆகாது என்று ஆரணியில் எங்கள் தெருவே நம்பியது. அப்பாவின் தம்பியான அவருக்கு முப்பது வயது. புத்தி மட்டும் ஐந்து வயதிலேயே தங்கிவிட்டது. எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. ஆகவே எங்கள் இருவரில் நான்தான் பெரியவள் என்று ஒரு மிதப்பு.

மற்ற நாட்களில் அவரைப் போல் சமர்த்து கிடையாது. காலையில் ராட்டை முன் உட்கார்ந்தால், தறிக்கு வேண்டிய பட்டு நூலைக் குழல் குழலாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். நூல் சுற்றிய குழலுக்குத் தார் என்று பெயர். அமாவாசையன்று மட்டும் கையைக் கடித்துக்கொள்வார், தூணில் தலையை மோதிக்கொள்வார். அன்று ஊரில் தறிகளுக்கெல்லாம் விடுமுறை. நாங்களோ சந்திரனைத்தான் சந்தேகப்பட்டோம்.

அந்த ஆடியில் அப்பா பொறுமை இழந்தார்.

"இந்த அமாவாசையும் இப்டியே பண்ணிகினு இருந்தா, கோயில்ல கொண்டுபோய் உட்டுட்டு வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

தூரத்துக் கோயில் ஒன்றில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சித்தப்பா போய்விட்டால் பல்லாங்குழியில் என்னிடம் தோற்க யார் இருக்கிறார்கள்?

அமாவாசையன்று வீடே படையல் வேலையில் மும்முரமாக இருந்தது. சித்தப்பா எங்கே போய் நின்றாலும் நகரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கை வாய்க்குப் போனது. அப்பா பார்ப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"சித்தப்பா, அப்பா தார் கேக்கறாரு. ஜல்தி."

கை இறங்கியது. ராட்டையிடம் ஓடினார். அதில் மிச்சமிருந்த நூலை ஒரு குழல் சுற்றி என்னிடம் நீட்டினார். மற்ற பட்டெல்லாம் பீரோவில் பூட்டிக் கிடந்தது. வேறு நூலுக்கு எங்கே போவேன்? கதவுக்குப் பின்னால் போய் அதையே பிரித்து, சிக்கலாக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். பொறுமையாகச் சிக்கெடுத்து மறுபடி சுற்றினார். மூன்றாம் முறை பின்னாலேயே வந்து என் திருட்டைப் பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "திருடி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மறுமுனையைப் பிடித்து அவரும் பிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள். அமாவாசையில் ராட்டையைத் தொடலாமா என்று அம்மா என் காதைத் திருகினாள். அப்பா தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புதுக்காயம் எதுவும் இல்லை.

"சுத்தட்டும், உடு" என்றார்.

அதன்பின் எந்த அமாவாசைக்கும் எங்கள் ராட்டைக்கு லீவு இல்லை. சித்தப்பாவும் எங்கேயும் போகவில்லை. ராட்டைச் சத்தத்துக்குச் சந்திரன் பயப்படுகிறது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். ஆனால் அன்று 'அப்பா தார் கேக்கறாரு' என்றதுமே சித்தப்பாவின் கை இறங்கிவிட்டது. ராட்டை அப்போது சுற்றவே ஆரம்பிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின.