கல்யாணப் பெண் நடுவில் இருக்கும் எங்கள் ஆறாம் பாரம் போட்டோ

மக்களே, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் பழைய போட்டோவைக் காட்டி, "அப்பா, இது ஆருக்க கல்யாணம்?" என்று சின்னவன் போன வாரமும் கேட்டான். "கல்யாணம் இல்ல மக்கா, எனக்க ஆறாம் பாரம் குரூப் போட்டோவாக்கும்" என்றேன். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் குற்றமில்லை. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு போலீஸ் தொப்பி தெரிகிறது. இதைப் பள்ளிக்கூடப் போட்டோ என்றால் யார் நம்புவார்கள்?

இந்த வருஷம் உங்கள் வகுப்புப் போட்டோவை நீங்கள் கொண்டுவந்து காட்டியதும், என் போட்டோவின் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்குப் பெயர் ஆறாம் பாரம். நான் அதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையில் பிழை கிடையாது.

அது எல்லைப் போராட்டம் நடந்த சமயம். நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அந்தப் போராட்டத்தில் உயிர் போன வீடுகளும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் பிள்ளைகள் தானே? கடையடைப்பு வந்தால் கணக்குப் பரீட்சை தள்ளிப்போகும் என்று சந்தோஷப்பட்டவர்கள் தான்.

எங்கள் வகுப்பில் தமிழ் எடுத்தவர்களும் மலையாளம் எடுத்தவர்களும் ஏறக்குறையப் பாதிப்பாதி. பாஷை வகுப்புக்கு மட்டும் இரண்டாகப் பிரிவோம். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக அடி வாங்குவோம். மத்தியானம் ஒருவன் சோற்றுப் பொதியில் கிழங்கு இருந்தால் இன்னொருவன் பொதியில் மீன் இருக்கும். பந்து விளையாடும்போது நடுக்கோட்டுக்குத் தெற்கே நிற்கிறவர்கள் தமிழ்நாடு, வடக்கே நிற்கிறவர்கள் மலையாளம். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது நாடும் மாறிக்கொள்வோம். டில்லிக்காரர்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

வருஷக் கடைசியில் ஆறாம் பாரத்துக்கு ஒரு குரூப் போட்டோ எடுப்பது வழக்கம். அந்த வருஷம் அதற்காக எல்லோரையும்விட ஆவலாகக் காத்திருந்தவன் பொழியூர்க்காரன். அவன் கடற்கரையில் வள்ளத்தில் போகிற வீட்டுப் பிள்ளை. அவர்கள் கரையில் ஆறாம் பாரம்வரை வந்தவன் அவன் ஒருவன் தான். அவன் படிக்கிறான் என்பதையே அங்கே பாதிப்பேர் நம்பவில்லையாம். பஸ் ஏறி எங்கேயோ சுற்றப் போகிறான் என்று பேச்சு. அதனால் அவனுடைய அம்மா ஜூன் மாதமே சுவரில் ஒரு ஆணி அடித்துவிட்டாள்.

"போட்டோ வந்து தொங்கட்டு, பின்ன எவன் பேசுவான்னு பாக்கணும், இதாக்கும் அம்மைக்க பேச்சு" என்பான். "இப்பம் அந்த ஆணியில வலை தொங்குது."

அவன் உச்சந்தலையில் இரண்டு சுழி உண்டு. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று ஊர்ப்பேச்சு. அதைச் சொல்லி நாங்கள் அவனைப் படுத்தாத நாள் கிடையாது.

பரீட்சைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் போட்டோக்காரர் வந்தார். மாமரத்தடியில் பெஞ்சு போட்டாயிற்று. ஹெட்மாஸ்டரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் கோட்டும் தலைப்பாகையுமாக நடு நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் தரையில் வைக்கிற சிலேட்டில் 'ஆறாம் பாரம்' என்று எழுத வேண்டும். அங்கே தான் வந்தது வினை. எந்தப் பாஷையில் எழுதுவது?

மலையாளம் எடுத்த குளத்தூர்க்காரன் சாக்பீசைப் பிடுங்கினான். "எலே, ஸ்கூலு நிக்கது எங்க மண்ணுல. மலையாளத்தில எழுதணும்."

"மண்ணு ஆருக்கதுன்னு டில்லியிலயே இன்னும் சொல்லல்ல. நீ எதுக்குச் சொல்லுத?" என்று நான் மறுபடி பிடுங்கினேன்.

இங்கிலீஷில் எழுதிவிடுங்கள் என்றார் பெரிய சார். "இங்கிலீஷ்காரனைத் துரத்தியாச்சே சாரே!" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் கத்தினோம். அன்றைக்கு எங்களுக்குள் ஒற்றுமை வந்தது அந்த ஒரு நிமிஷம் தான்.

பொழியூர்க்காரன் கெஞ்சினான். "எதிலயாவது எழுதுங்கலே. எங்க அம்மைக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியாது."

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "பிள்ளைகளே, வெயிலு போவுது" என்றார். நாங்கள் கேட்கவில்லை. சாக்பீசு நாலு துண்டாயிற்று. அந்தச் சமயத்தில் தான் போலீஸ் ஜீப்பு வாசலில் வந்து நின்றது.

ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இறங்கி வந்தார். பெரிய மீசை, பேச்சு முழுக்க மலையாளம். "எந்தா இவிடே கூட்டம்? தடையுத்தரவு அறியில்லே? அஞ்சு பேரு சேர்ந்து நிக்கான் பாடில்லா." ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாதாம்.

பெரிய சார் எழுந்துவிட்டார். "கூட்டமில்ல சார், போட்டோவாக்கும்."

"போட்டோயாணெங்கில் நாலு நாலு பேரா எடுக்கட்டே."

போட்டோக்காரர் பதறினார். "முப்பது பிள்ளைகளுக்கு நான் எத்தன கண்ணாடிப் பிளேட்டுக்குப் போவேன்?"

குளத்தூர்க்காரன் மெல்லக் கேட்டான். "சாரே, கிளாசுக்குள்ள நாங்க முப்பது பேரு ஒண்ணா இருக்கோமே, அது கூட்டமில்லியா?"

"அது படிப்பு."

"அப்பம் படிக்கது மாதிரி இருந்து எடுத்துக்கிடலாமா?"

கான்ஸ்டபிள் அவனைப் பார்த்த பார்வையில் நாங்களே பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். இனி இந்த வருஷம் போட்டோ கிடையாது என்று பெரிய சார் சொல்லிவிட்டார். சிலேட்டுச் சண்டை போடாமல் இருந்திருந்தால் ஜீப்பு வருமுன்பே வேலை முடிந்திருக்கும். எல்லோருக்கும் அது தெரியும். அதனால் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொழியூர்க்காரன் மட்டும், "அம்மைக்கிட்ட என்ன சொல்லுவேன்? ஆணியைப் பிடுங்கவா சொல்ல முடியும்?" என்றான். அதைக் கேட்டபிறகு நானும் குளத்தூர்க்காரனும் வேறு வழி தேட ஆரம்பித்தோம்.

பரீட்சை முடிந்த அன்று கடைத்தெருவில் அதே போட்டோக்காரரைப் பிடித்தோம். எங்கேயாவது ஒளிந்து எடுக்க வழியுண்டா என்று கேட்டோம். அவர் சொன்னார்: "ஒளியது எல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தடையுத்தரவு கிடையாது. உங்க கிளாசில ஆருக்கேனும் கல்யாணம் உண்டா?"

எல்லோரும் பொழியூர்க்காரனைப் பார்த்தோம். "எலே ரெட்டைச் சுழி, உனக்கு ரெண்டு உண்டும் இல்லியா? ஒண்ணை இப்பம் நடத்திக்கிடுவோம்."

"போங்கலே சவங்களா" என்றான்.

அப்போது தான் எங்களோடு நின்ற அதியன்னூர்க்காரன் வாயைத் திறந்தான். ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை அவன் அக்காவுக்குக் கல்யாணம். அவர்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். போட்டோவுக்கு இதே போட்டோக்காரரைத் தான் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நேரம் ஏன் சும்மா நின்றாய் என்று கேட்டால், "அப்பா முப்பது பேருக்கு இலை போடணும்னா என்னைக் கொல்லுவாரு" என்றான்.

அவன் அப்பா பலசரக்குக் கடைக்காரர், கறாரான மனுஷர். நாங்கள் நாலைந்து பேர் போய் நின்றோம். "இலை போடது நாங்க, சோறு விளம்பது நாங்க, கிணத்துல வெள்ளம் கோருயது நாங்க. எல்லாரும் உண்ட பிறகு மிச்சம் இருந்தா போதும்" என்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தேங்காய் திருவத் தெரியுமாலே?" என்று கேட்டார். தெரியும் என்றோம். பெரிய சாருக்கும் கல்யாணத்துக்கு அழைப்புப் போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாங்கள் திருவிய தேங்காயை நினைத்தால் இன்றைக்கும் கை வலிக்கிறது. கல்யாணத்தன்று சபைக் கோயிலுக்குப் போகும்போது, வழியில் போலீஸ் பிடிக்கக்கூடாது என்று நாலு நாலு பேராக இடைவெளி விட்டு நடந்தோம். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அதுவே ஊர்வலம் மாதிரி இருந்திருக்க வேண்டும். தாலி கட்டு முடிந்து சபையின் படிக்கட்டில் நாங்கள் வரிசையாக நின்றபோது, அதே ஜீப்பு, அதே மீசை.

"நீங்ஙள் தன்னே அல்லே அந்நு மாவின் சுவட்டில்? இவிடே எந்தா?" மாமரத்தடியில் எங்களைப் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

"கல்யாணம் சார்" என்றான் அதியன்னூர்க்காரன்.

"கல்யாணம் செரி. இவரொக்கே ஆரா?" என்று எங்கள் எல்லோரையும் காட்டிக் கேட்டார்.

அப்போது கல்யாணப் பெண் தலையை நிமிர்த்தினாள். "எனக்க தம்பிமாரு சார்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"ஹெட்மாஸ்டரோ?"

"அவரு தம்பிமாருக்க சாரு."

கான்ஸ்டபிளின் மீசை மட்டும் சிரித்தது. "கல்யாணப் போட்டோயாணெங்கில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் இருக்கட்டே. அல்லெங்கில் அது கூட்டம்" என்றார். பெரிய சார் நடு நாற்காலியை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். போட்டோவில் அவர் முகம் கடுகடுவென்று இருப்பதற்குக் காரணம் அது தான்.

அந்த நேரம் பொழியூர்க்காரன் ஒரு ஓலைப்பெட்டியைத் திறந்தான். கருவாட்டு வாசனை குப்பென்று வந்தது. உள்ளே இரண்டு சிலேட்டு. கரையில் உள்ள சின்னப் பிள்ளைகளிடம் இரவல் வாங்கி, ஒன்றில் தமிழிலும் ஒன்றில் மலையாளத்திலும் 'ஆறாம் பாரம்' என்று எழுதியே கொண்டுவந்திருக்கிறான். சிலேட்டு இல்லாவிட்டால் அவன் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தான் என்று தானே கரையில் சொல்வார்கள்? இரண்டையும் முன்னால் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

கான்ஸ்டபிள் குனிந்து வாசித்தார். "கல்யாணத்தினு எந்தினா சிலேட்டு?"

கல்யாணத்துக்குச் சிலேட்டு எதற்கு என்றால் நாங்கள் என்ன சொல்வது? அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்தபடி சொன்னார்: "பெண்ணு வீட்டுச் சீதனமாக்கும் சார்."

பெண் வீட்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள். பந்தலில் இலை போடுகிற சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வேகம் எடுக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்தியை நோக்கி நடந்தார். தொப்பி போட்டோவில் விழுந்தது அப்படித்தான்.

"ஆரும் அசையப்பிடாது" என்றார் போட்டோக்காரர். காமிராவின் மூடியை எடுக்கும் சமயம் ஒரு சிலேட்டு சறுக்கியது. பொழியூர்க்காரன் குனிந்து அதைப் பிடித்தான். போட்டோ எடுத்தாயிற்று. இன்னொரு பிளேட்டு கிடையாது.

மழை தொடங்கிய பிறகு ஆளுக்கொரு போட்டோ கைக்கு வந்தது. இருபத்தொன்பது பேருக்கு முகம் இருக்கிறது. யாருக்கு அது வேண்டுமோ அவனுக்கு மட்டும் இல்லை. குனிந்த தலையின் உச்சி தான் தெரிகிறது. அவன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆணி அடிச்சது வீணாப் போச்சுலே" என்றான். தனியாக வீட்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நானும் குளத்தூர்க்காரனும் துணைக்குப் போனோம்.

அவன் அம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போட்டோவை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நடுவில இருக்கது ஆரு?"

"கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும்."

"போலீசு எதுக்கு?"

"சோறு திங்க வந்தாரு அம்மா."

"எனக்க மவன் எங்க?"

அவன் அந்த உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினான். அம்மா போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். திடீரென்று சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இந்த ரெட்டைச் சுழியை எண்ணெய் தேச்சு வளத்தது நானாக்கும்! மூஞ்சி எல்லாவனுக்கும் தான் உண்டு. இது எவனுக்கு உண்டு? கரையில ஆரானும் இல்லன்னு சொல்லட்டு பாப்போம்!"

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. வந்தவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு சிலேட்டை வாசித்தார். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் மற்றதை வாசித்தார்.

"ரெண்டும் ஒண்ணு தானா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணு தான்."

"பின்ன எனக்க மவன் எதுக்கு ரெண்டு சிலேட்டு சுமந்தான்?"

நானும் குளத்தூர்க்காரனும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஆணியில் போட்டோவை மாட்டினாள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மீன் குழம்பை நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் எல்லைக்கோடு நமக்குத் தெற்கே விழுந்து, நம் தாலுகா மலையாளத்தோடு நின்றுவிட்டது. குளத்தூர்க்காரன் வந்து, "மண்ணு ஆருக்கதுன்னு டில்லி சொல்லியாச்சுலே" என்று என் முதுகில் ஓங்கி அடித்தான். நானும் திருப்பி அடித்தேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சாயா குடித்தோம்.

சில வருஷம் கழித்துக் கடல் ஏறி, பொழியூர்க்காரன் வீட்டை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சாமான் எடுக்க நாங்களும் போயிருந்தோம். அம்மா முதலில் போட்டோவைக் கழற்றி என் கையில் தந்தாள். பிறகு ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டி, அந்த ஆணியையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.