ஆற்று வளைவில் கை காட்டியவன்

நாற்பத்தொரு மணி நேரம் இருபது நிமிடம். அந்த லாரியின் என்ஜின் அன்று பிற்பகல்வரை ஒரு முறைகூட அணையவில்லை. இது உண்மையில் நடந்தது. இதில் வரும் நேரங்கள் எல்லாம் லாரி ஓட்டும் குன்னேய் தன் பாதை நோட்டில் அன்றே குறித்து வைத்தவை.

ரஷ்யாவின் வடகிழக்கே யாகூத்தியாவில், டிசம்பரில் யாரும் டீசல் என்ஜினை வெளியில் அணைப்பதில்லை. மைனஸ் ஐம்பத்திரண்டு டிகிரியில் அணைந்தால் ஆயில் தார் போல இறுகிவிடும். பிறகு கிளம்பாது. உள்ளே இருப்பவர்கள் விடியும்வரை தாங்க மாட்டார்கள். ராணுவம் கழித்துவிட்ட அந்தப் பழைய லாரியைக் குன்னேயும் அவள் அண்ணன் எர்ச்சிமும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது உறுமிக்கொண்டே இருந்தது. உறைந்த ஆற்றின் மேல்தான் பாதை. அடுத்த சாப்பாட்டுக் கடைக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.

பிற்பகல் 3:50. அதற்குள் இருட்டிவிட்டது. என்ஜின் இருமியது.

"டீசல் கெட்டியாகுது அண்ணா. மண்ணெண்ணெய் இன்னும் கலக்கச் சொன்னேன்ல?"

"கலந்தேன். நீ ஓட்டுற அழகுக்குத்தான் கிழவி இருமுறா."

"ஆமா, நீ ஓட்டினா பாட்டுப் பாடுவா!"

எர்ச்சிம் சிரித்தான். அடுத்த வளைவில் சிரிப்பு நின்றது.

முன்னால் ஒரு லாரி. விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் நின்ற ஆள் கை காட்டினான்.

அந்தப் பாதையில், நிற்கும் வண்டியை யாரும் கடந்து போவதில்லை. ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். குன்னேய் வேகத்தைக் குறைத்தாள்.

"நிறுத்தாதே."

"என்னண்ணா சொல்ற?"

"நிறுத்தாதே. போ!"

அவள் நிறுத்தினாள். என்ஜினை ஓடவிட்டு இறங்கினாள். எர்ச்சிம் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டான். மணி 3:56.

"டீசல் உறைஞ்சிருச்சா?" என்றான் அந்த ஆள். சின்ன வயது.

"ஆமா, டீசல் ஃபில்டர்ல."

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு."

அவள் லாரியின் என்ஜின் மூடியைத் தூக்கினான். வெறும் கையை ஃபில்டர் மேல் வைத்தான்.

அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

"ஐயோ, கையை எடுங்க!"

எடுக்கவில்லை. ஒரு நிமிடம்... இரண்டு...

இருமல் நின்றது. என்ஜின் சீராக ஓடியது.

அப்போதுதான் கவனித்தாள். அவள் மூச்சு வெள்ளைப் புகையாக வெளியேறிக்கொண்டிருந்தது. அவன் பேசியபோது வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

அவன் லாரியின் புகைக்குழாயிலும் புகை இல்லை.

சத்தமும் இல்லை...

"அண்ணன் இறங்கலையா?" என்றான்.

அண்ணன் இருப்பதை அவள் சொல்லவே இல்லை.

ஏறினாள். ஓட்டினாள். 4:03.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் எதுவும் தெரியவில்லை.

5:40. கடையின் சூடான கொட்டகைக்குள் லாரியை விட்டு என்ஜினை அணைத்தாள். உடனே ஃபில்டரைக் கழற்றினாள். உள்ளே டீசல் வெள்ளையாக, மெழுகாக இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் நேராக நின்றது. அதன் வழியே ஒரு சொட்டுகூடப் போயிருக்க முடியாது. அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறார்கள்.

கடைக்கார அம்மா மத்ரியோனா டீ ஊற்றினாள்.

"வளைவுல ஒரு லாரி நிக்குது அக்கா. யாரையாவது அனுப்புங்க."

"இன்னிக்கு இந்தப் பாதையில உங்க வண்டி ஒண்ணுதான்மா."

"நான் பார்த்தேனே. சின்னப் பையன். கையுறைகூட இல்ல."

மத்ரியோனாவின் கை அப்படியே நின்றது.

"போன பிப்ரவரியில அங்க ஒரு பையன் உறைஞ்சு செத்தான். லாரியில இருந்து நானூறு மீட்டர் தள்ளிக் கிடந்தான். வண்டியை விட்டு ஏன் ஓடினான்னுதான் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் புரியல."

எர்ச்சிம் டீயைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அன்னைக்கு அவன் என் லாரி பின்னாடிதான் ஓடி வந்தான். என் என்ஜினும் இருமிக்கிட்டு இருந்துச்சு... நின்னா அணைஞ்சிடும்னு பயம். கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் குன்னேய். நான் நிறுத்தல."