இரண்டு வருட அனுபவம்

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான வேலைப் பயிற்சி மையம் ஒன்றில் ஷ்யாமளா சேர்ந்து நான்கு வருடமாகிறது. பக்கத்து ஊரான டப்ளினிலிருந்து ரயிலில் போய்வருவாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு ஆட்களைத் தயார் செய்வது அவள் பொறுப்பு.

அவளிடம் படித்தவர்களில் கெட்டிக்காரர் வெஸ்லி. நாற்பத்தொரு வயது. வேலையும் பயிற்சியும் தருகிறோம் என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் அரசாங்கம் அவருடைய தாத்தாவை அரிசோனாவிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கியது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் ஒரு வேலை நிலைத்ததில்லை. வெஸ்லி இரண்டு சான்றிதழ்கள் வாங்கினார், முப்பத்திரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார். எல்லாரும் அனுபவம் கேட்டார்கள்.

அடுத்த விண்ணப்பத்தில் ஷ்யாமளாவே கைவைத்தாள். மூடிப்போன ஒரு கடையின் பெயரைப் போட்டு இரண்டு வருட அனுபவம் சேர்த்தாள். நான் அங்கே வேலை பார்த்ததில்லையே என்றார் வெஸ்லி. எல்லாரும் செய்வதுதான், உள்ளே போய்விட்டால் அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். நீங்கள் சொன்னால் சரி என்று தலையாட்டினார்.

இன்டர்வியூ நன்றாகப் போனது. வேலையில் சேரும் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். பிறகு பின்னணி விசாரித்தார்கள். கடையும் இல்லை, அவருக்காகப் பேச ஆளும் இல்லை. வேலை போயிற்று.

அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் வாஞ்சிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாம எல்லாரும் அப்படித்தானே உள்ள வந்தோம்? உங்க ரெஸ்யூமேல இருந்த பேங்க் ப்ராஜெக்ட்ட நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. ஆனா வெரிஃபை பண்ண ஃபோன் பண்ணா, எடுத்துப் பேச நம்மள வேலைக்கு அனுப்பின கன்சல்டன்சில கிட்டுசாமி இருந்தான். ஒரே நாள்ல மூணு கம்பெனிக்கு மேனேஜரா பேசுவான். வெஸ்லிக்கு யாரு இருக்கா? தனியா அனுப்பிட்டியே, ஷ்யாமு."

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடும் முடிவோடு மைய இயக்குநரின் அறைக்குப் போனாள். அவள் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: அந்தப் பொய்யை நானேதான் எழுதினேன், மையத்துக்குத் தெரியாது என்று வெஸ்லி கம்பெனிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். அதனால் வெஸ்லியோடு படித்த மற்ற பதினொரு பேரை இன்டர்வியூ செய்ய அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். நல்லவேளை என்றார் இயக்குநர். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பதினொரு பேருக்கும் கதவு சாத்தப்படும். அவள் வேலையும் போகும். இதில் எது முதலில் மனத்தில் பட்டது என்று அவளுக்கே தெரியும். பேசாமல் திரும்பினாள்.

வெஸ்லிக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டாள். வேலையில்லாமல் இருந்து எனக்குப் பழக்கம் உண்டு, உங்களுக்கு இல்லை என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதன்பிறகு அவர் ஃபோனை எடுக்கவேயில்லை.

கம்பெனி பதினொரு பேரையும் கூப்பிட்டது. ஒருவரையும் எடுக்கவில்லை. அனுபவம் போதாதாம்.

திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்கியது. வேலையில்லாத ஆறு வருடத்துக்கு ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது என்று ஒரு பெண் கேட்டாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.