நாலாவது முட்டை

எங்கள் ஊர் ஏரியில் நீளவால் இலைக்கோழி முட்டையிட்ட வருஷம்தான் அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை. பரமத்தி வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பையையும் கேமராவையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு. அவள் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். அம்மா தறிக்குப் போய்விடுவாள். அப்பாவைப் பெற்ற அப்பாரு வாய் திறப்பதே அபூர்வம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்துத் தறிப் பட்டறையின் சத்தத்தைக் கேட்டபடி தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தை விடிந்ததும் ஏரிக்குக் கிளம்புவாள். கட்டிக்கொடுத்த பெண் கேமராவை மாட்டிக்கொண்டு கரையில் ஒற்றையாக உட்கார்ந்தால் ஊர் கண்டபடி பேசும் என்று அப்பாரு என்னையும் கூட அனுப்பினார். பறவைகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற கண் எனக்கு இருப்பதால்தான் அனுப்புகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அல்லி இலைகளின் மேல் நான்கு முட்டைகள் இருந்தன. பம்பரம்போல ஒரு பக்கம் கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கின. நீண்ட கருவாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பறவை அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும். அதுதான் தாய் என்று நான் சொன்னபோது அத்தை சிரித்தாள்.

“அது ஆணு, சாமி. பொட்டை முட்டைய வெச்சுட்டுப் போயிரும். அடைகாக்கறது, வளத்தறது எல்லாம் இதுதான்.”

“அம்மா திரும்பி வராதுங்களா, அத்தை?”

“வராது” என்று சொல்லிவிட்டு அவள் கேமராவுக்குள் குனிந்துகொண்டாள். ஏரிக்கரையில் அவள் பேசுவதே குறைவு. நானும் பேசமாட்டேன். ஆனால் வீட்டில் பேசாமல் இருப்பதும் அங்கே பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகள் வெளிவரத் தொடங்கின. கேமராவில் பார்த்தால் ஈரத்தோடு மூன்று குஞ்சுகள் தெரிந்தன; நாலாவது முட்டையில் கீறல் விழுந்திருந்தது. அத்தையின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. அப்போதும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவே கரைமேல் நடந்து வந்தாள்.

“உங்கூட்டுக்காரரும் பெரியவங்களும் வந்திருக்காங்க, அம்மிணி. ஊட்டுல உக்காந்திருக்காங்க” என்றாள்.

அத்தை திரும்பவில்லை. “இன்னும் ஒண்ணு பொரிக்கோணும், நங்கை. அதைப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அத்தைக்குப் பக்கத்தில், மண்ணிலேயே உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் ஏரிக்குப் பறவை பார்க்க வந்ததே இல்லை. அத்தை கேமராவை நீட்டினாள்; அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மறுபடி போன் அடித்தபோது அத்தை எழுந்து, கேமராவின் வாரை என் கழுத்தில் மாட்டினாள்.

“நீ இருந்து எடுத்துட்டு வா, சாமி. கை அசையாமப் புடி.”

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

வெயில் ஏறியபிறகுதான் நாலாவது குஞ்சு வந்தது. பறவை மெல்லக் குனிந்து, இறக்கைகளை லேசாக விரித்து, குஞ்சுகளை அடியில் சேர்த்து அணைத்துக்கொண்டு எழுந்தது. இறக்கைகளுக்குக் கீழே குச்சி குச்சியாகக் குஞ்சுகளின் கால்கள் தொங்கின. அப்படியே இலைமேல் இலையாகக் கால்வைத்து நடந்து போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

வீடுவரை ஓடினேன். வந்தவர்களின் கார் எதுவும் வாசலில் இல்லை. அம்மா காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தையின் பையும் இல்லை.

“எங்கிட்டச் சொல்லாமலே போயிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“ஏரிப் பக்கம் ஒருக்காப் பாத்துட்டுத்தான் வண்டியேறுனா” என்றாள் அம்மா. அவள் சொல்லாமல் போனதைவிட, எடுத்த படத்தைக் காட்ட ஆளில்லாமல் போனதில்தான் எனக்குக் கோபம்.

அதன்பிறகு யாரும் என்னை ஏரிக்கு அனுப்பவில்லை. பட்டறைச் சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து அத்தை போன் செய்தாள். அந்தப் படத்தைப் போனுக்கு மாற்றி அனுப்ப எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் வாயால் சொன்னேன். நாலும் பொரித்ததை, பறவை குனிந்ததை, கால்கள் தொங்கியதை, அது தண்ணீரில் நனையாமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனதை.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “இன்னொருக்காச் சொல்லு, சாமி” என்றாள். சொன்னேன். “இன்னொருக்கா” என்றாள். குரல் கம்மிக் கம்மி வந்தது.

வேலூர்ப் பக்கம் டவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மொட்டைமாடிக்கு ஏறிப் போய், தொண்டை கிழிய, முதலிலிருந்து சொன்னேன்.