முகமூடி இல்லாதவருக்கு எதற்கு ஸ்ட்ரா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான் போர்ச்சுகலிலிருந்து கிளம்பும்போது என் மருமகள் கேட்பாள், "இந்தக் குளிர்ல ஜெர்மனிக்கு யாராவது போவாங்களா?" என்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்! ஊர் வம்பை முதுகுக்குப் பின்னால் பேசாமல், முகத்துக்கு நேராகவே பேசிவிடலாம் என்று ஐந்து நாள் அனுமதி கொடுக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? எனக்கு அடுத்தவர் கதை என்றால் உயிர். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த ஊரில், ஹோன்பாக்கில், கடிகாரத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். என் பக்கத்து மேஜை லியோபாவுடையது. நான் முள் பொருத்துவேன், அவள் கண்ணாடி மாட்டுவாள். தொழிற்சாலையை மூடியதும் நான் கணவரோடு ஊருக்குத் திரும்பிவிட்டேன். அவள் தபால்காரியானாள். மஞ்சள் சைக்கிளில் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கியே முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எல்லா வீட்டு வாசலையும் பாத்தாச்சுடி, ஒரு வீட்டுக்குள்ள போகவும் ஆசை வரலை" என்பாள். யார் கதவைத் திறக்கும்போது கண் சிவந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் யாருக்குப் பயப்படுகிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வருஷம் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். அந்த ஐந்து நாள் கார்னிவல் திருவிழா வந்தால் மட்டும் நீளப் பாவாடையும் சரிகைச் சால்வையும் போட்டு, வழவழப்பான மர முகமூடியை மாட்டிக்கொண்டு, மதுவிடுதி மதுவிடுதியாகப் போய்க் கீச்சுக்குரலில் ஒவ்வொருவரையும் பிடித்து வறுத்தெடுப்பாள். அவள் மட்டுமல்ல, பாதி ஊரே அப்படித்தான்.

முகமூடிக்கு முன்னால் மேயரும் 'நீ, வா, போ'தான். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தாலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. பெயரைச் சொல்வது பெரிய அவமரியாதை.

லியோபாவுக்கு ஒரே அண்ணன், அல்பான். சந்தைத் திடலில் பேக்கரி வைத்திருக்கிறார். இருவரும் பேசி எட்டு வருஷமாகிறது. அம்மாவுக்கு நினைவு தப்பியபோது நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் லியோபா. காலையில் சைக்கிளை எடுத்தால் மத்தியானம் வருகிறவள் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டு, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார் அல்பான். மாதம்கூட ஆகவில்லை, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும், "நீதான் கொன்னுட்ட" என்று சொல்லிவிட்டாள் லியோபா. அதன் பிறகு பேக்கரிக்கு வந்த தபாலைக் கதவடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். அவர் கடையில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை. இவளிடம் யாரும் அவர் பேச்சை எடுப்பதில்லை.

ஆனால் கார்னிவல் திங்கட்கிழமை ஊர்வலம் முடிந்ததும், கழுகு விடுதியில் அடுப்போரத்து மேஜையில் அல்பான் தனியாக வந்து உட்காருவார். ஒரு முகமூடி எதிரே போய் உட்காரும். அரை மணி நேரம் கீச்சுக்கீச்சென்று அவர் மானத்தை வாங்கும். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிறகு அடுத்த கார்னிவல் வரை பேச்சு மூச்சு கிடையாது.

"அது நீதான்னு அவருக்குத் தெரியுமாடி?" என்று வருஷா வருஷம் கேட்பேன்.

"தெரியாது" என்பாள்.

நான் நம்பியதே இல்லை. கூடப் பிறந்தவளின் கையைப் பார்த்தால் தெரியாதா? இந்த ஒரு கேள்வி மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் நான் போய் இறங்கியபோது லியோபா முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் ஜன்னலில் காகிதக் கொடி கட்ட நாற்காலி மேல் ஏறியிருக்கிறாள். நாற்காலி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

"அல்பான் கடையை வித்துட்டான்" என்றாள், நான் கோட்டைக் கழற்றுவதற்குள். "ஈஸ்டருக்கு அப்புறம் ஹாம்பர்க்ல பொண்ணு வீட்டோட போயிடறான். அங்க கார்னிவல் ஏது, முகமூடி ஏது?"

"நாளைக்கு யாரு போறது அப்போ?"

என்னையே பார்த்தாள்.

"நானா? பைத்தியமா உனக்கு? வெளியாளுக்கு முகமூடி குடுத்தது தெரிஞ்சா கார்னிவல் சங்கத்துல உன்னைக் கிழிச்சுடுவாங்க."

"கிழிக்கட்டும். அவன் அங்க வந்து உக்காந்திருப்பான்டி. யாரும் வரலைன்னா, சரி, இவ கதை அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டு அப்படியே ரயிலேறிடுவான். அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கும் மறுக்க மனம் வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பாடம் தொடங்கியது. அல்பான் புது வண்டியைத் திடலில் இருக்கும் நீரூற்று மேல் ஏற்றியது ஒன்று. ஜாமுக்குப் பதில் கடுகு வைத்த குறும்புப் பன்னைத் தவறிப்போய் பாதிரியாருக்கே கொடுத்துவிட்டது இன்னொன்று. "எலி மாதிரிக் கத்துடி, எலி மாதிரி! உன் போர்ச்சுகல் உச்சரிப்பு வெளிய தெரியுது!" என்று கரண்டியால் மேஜையைத் தட்டித் தட்டிப் பழக்கினாள்.

"அம்மா விஷயம்?" என்றேன்.

"அது வேண்டாம். முகமூடி மரந்தான், தொண்டை என்னுதுதானே. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அது வெளிய வரலை."

திங்கட்கிழமை ஊர்வலம் முடிந்ததும் லியோபாவின் வேஷத்தில் கிளம்பினேன். முகமூடிக்குள் பழைய மரவாசனையும் லியோபாவின் பெப்பர்மிண்ட் வாசனையும் சேர்ந்து அடித்தது. இரண்டு ஓட்டை வழியாகத்தான் உலகம். என் உயரம் போதாதென்று இரண்டு ஜோடிக் காலுறை வேறு. கழுகு விடுதியில் வாத்தியக் கோஷ்டி காதைப் பிளந்தது. அடுப்போரத்து மேஜையில் அல்பான். அவர் முன்னால் ஒரு கோப்பை சிவப்பு வைன். பக்கத்தில் ஒரு காகித ஸ்ட்ரா.

ஸ்ட்ரா நமக்குத்தான், முகமூடி போட்டவர்களுக்கு. வாய் ஓட்டை வழியாகச் செருகி உறிஞ்ச வேண்டியதுதான். முகமூடி இல்லாத மனுஷருக்கு எதற்கு ஸ்ட்ரா? என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

"வா, வா" என்றார். "ஊரெல்லாம் திட்டி முடிச்சிட்டுக் கடைசியா என்கிட்ட வந்தியாக்கும்."

"டேய் அல்பான்! நீரூத்து உனக்கு வழி விடலையாமே! எத்தனை தடவைடா ஹாரன் அடிச்ச?" என்று கத்தினேன்.

சிரித்தார். ஆனால் கண் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ராவை ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார். நான் கண்டுகொள்ளாமல் கடுகுப் பன்னுக்குப் போனேன். பாதிரியார் பூசையில் தும்மிய தும்மலைப் பிரமாதமாகவே செய்து காட்டினேன். அடுத்த மேஜை விழுந்து விழுந்து சிரித்தது. அல்பான் சிரிக்கவில்லை. கோப்பையையே என் முன்னால் தள்ளினார்.

"தொண்டை காயலையா உனக்கு?"

வேண்டாமென்று தலையாட்டினேன். சிவப்பு வைன் எனக்கு நெஞ்செரிச்சல்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேஜை மேல் குனிந்து, "அவ எங்க?" என்றார்.

"எவ?" என்றேன் கீச்சுக்குரலில்.

"எட்டு வருஷமா என் கோப்பையிலதான் குடிப்பா. பாதி அவ, பாதி நான். நீ யாரு? அவளுக்கு என்ன ஆச்சு? உசிரோட இருக்காளா?"

அடுத்த மேஜையில் சிரிப்பு நின்றது. கேட்கவே கூடாத கேள்வியை அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர் கேட்டுவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"காகிதக் கொடி கட்டறப்ப விழுந்து கால் உடைஞ்சிருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்லை" என்று என் சொந்தக் குரலில், என் சொந்த உச்சரிப்பில் மெதுவாகச் சொன்னேன்.

நீளமாக மூச்சு விட்டார். தொப்பியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். கோப்பையும் ஸ்ட்ராவும் அப்படியே இருந்தன.

வீட்டில் லியோபா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். "சிரிச்சானா?"

"ஸ்ட்ரா விஷயத்தை ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"என்ன ஸ்ட்ரா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "வெச்சிருந்தானா?"

"வெச்சிருந்தார்."

"இந்த வருஷமுமா?"

"ம்."

"குடிச்சியா?"

"இல்லை."

"கழுதை" என்றாள். பிறகு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். 'உசிரோட இருக்காளா' என்று அவர் கேட்டதை நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் ஒரு சேதியைச் சொல்லாமல் மென்று விழுங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் செவ்வாய், கார்னிவலின் கடைசி மத்தியானம். வாசல் மணி அடித்தது. திறந்தால் கந்தல் பாவாடை கட்டிய ஒரு பெரிய உருவம், மூக்கு நீண்ட கிழவி முகமூடியோடு நின்றது. அந்த முகமூடி பேக்கரி ஜன்னலில் அலங்காரத்துக்கு எப்போதும் தொங்குவது. பாவாடைக்குக் கீழே தெரிந்த ஷூவெல்லாம் மாவு. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அல்பான் பிறந்ததிலிருந்து முகமூடி போட்டவரில்லை.

கிழவி நேரே சமையலறைக்குள் போய் லியோபா எதிரே உட்கார்ந்தாள்.

"ஏய் தபால்காரி! பனியில சைக்கிள் ஓட்டினப்பல்லாம் விழாதவ, காகிதக் கொடி கட்டி விழுந்தியாமே! கொடி என்ன, மேலயிருந்து தள்ளி விட்டுச்சா?" கீச்சுக்குரல் சரியாக வரவில்லை. எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது.

லியோபா வெளுத்துப்போனாள். பிறகு நிமிர்ந்தாள். "யாரு இந்தக் கிழவி? குரலுக்குக் கொஞ்சம் வெண்ணெய் தடவிட்டு வரக் கூடாதா?"

"உனக்கு ஒரு அண்ணன்காரன் இருக்கானே, ஒரு தடியன், அவனைப் பத்திப் பேச வந்தேன்."

"அவனா? பேசு, பேசு. அவனைத் திட்டறதுன்னா எனக்குப் பிடிக்கும்."

"அம்மாவை அங்க விட்டுட்டு வந்த அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போகலை தெரியுமா? அந்த வாசல்லயே வண்டியில உக்காந்து அழுதான். திரும்பப் போய்க் கூட்டிட்டு வந்துடலாமான்னு சாவியைப் போட்டான், எடுத்தான், போட்டான், எடுத்தான். முட்டாப்பய." குரலில் கீச்சு போய்விட்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

லியோபா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தடியனைப் பார்த்தா நீ ஒண்ணு சொல்லணும் கிழவி. அவன் தங்கச்சி கல்லறையில சொன்னது இருக்கே, அது பொய். வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ளயே அவளுக்கு அது பொய்னு தெரியும். திரும்பி நடக்கத்தான் கால் வரலை."

"சொல்றேன்" என்றது கிழவி. "அவன் ஹாம்பர்க் போறானாம்."

"அங்கிருந்து ரயில் இல்லையாமா?"

"இருக்கு."

லியோபா ஊன்றுகோலைத் தேடினாள். நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். "நீ உக்காருடி" என்று அதட்டிவிட்டு, தானே நொண்டி நொண்டி அலமாரிக்குப் போனாள். ஒரே ஒரு கோப்பை எடுத்து நிறைய வைன் ஊற்றினாள். இழுப்பறையைக் கிளறி ஒரு ஸ்ட்ரா எடுத்தாள். இரண்டையும் கொண்டுவந்து கிழவி முன்னால் வைத்தாள்.

கிழவி மர உதட்டுக்குள் ஸ்ட்ராவைச் செருகச் சிரமப்பட்டது, பழக்கமில்லையே. சரியாகப் பாதி வந்ததும் நிறுத்தி, கோப்பையை லியோபா பக்கம் தள்ளியது.

முகமூடி இல்லாத லியோபா குனிந்து, அதே ஸ்ட்ராவில் மீதியைக் குடித்தாள்.