டில்லிக்குப் போக யார் கேட்டது

என் வீட்டுக்காரர் பெரிய படிப்பாளி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தார். சர்வதேச நீதி, மனித உரிமை, காலனி நாடுகளின் விடுதலை என்று எண்பதுகள் முழுக்க ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கிறுக்கியதையெல்லாம் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்தது நான். எந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே நானே தேடிக்கொண்ட வேலை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டுக்குள் நுழைகிறேன், ஆயா வழிமறித்தாள்.

"இன்னா டீச்சர், டில்லிக்குப் போறீங்களாமே? உங்க வூட்டு சாரு வந்து சொல்ட்டுப் போனாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு ஓடினேன். என் வீட்டுக்காரருக்கு டில்லியில் வேலை கிடைத்திருக்கிறதாம். நான் இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சனிக்கிழமையே வந்து சொல்லிவிட்டாராம். என் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டாயிற்றாம். என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்றேன்.

"சாரே நேர்ல வந்து சொன்னதுக்கப்புறம் உங்களை வேற கேக்கணுமா டீச்சர்?" என்றார் அந்த அம்மாள், வெகு சாதாரணமாக. அப்போதெல்லாம் புருஷன் சொன்னால் பெண்டாட்டி சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து கத்தினேன். சாயங்காலம் இனிப்பு வாங்கி வந்து சொல்லலாம் என்று இருந்தாராம், மகாராஜா! எந்த மக்களின் தலைவிதியையும் அவர்களைக் கேட்காமல் தீர்மானிக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியது யார் என்று கேட்டேன். நாடு வேறு வீடு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று சிரித்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"வெள்ளைக்காரனும் அதைத்தான் சொன்னான்னு மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கீங்க. நான்தான் பிரதி எடுத்தேன்."

ரயில் டிக்கெட்டும் எடுத்தாகியிருந்தது. போனேன். வேலையும் போன பிறகு தாம்பரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பது? டில்லியில் நான் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களில் இந்தி தெரியாத கணக்கு டீச்சர் யாருக்கும் தேவைப்படவில்லை.

புத்தகம் வந்தது. ஆகா ஓகோ என்றார்கள், சால்வை போர்த்தினார்கள். முன்னுரையின் கடைசி வரி எனக்காம்: எல்லாவற்றையும் மனமுவந்து விட்டுக்கொடுத்த என் மனைவிக்கு நன்றி. அதை விரலால் காட்டி, எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார்.

"நான் எங்கே விட்டுக்கொடுத்தேன்? நீங்க எடுத்துக்கிட்டீங்க," என்றேன்.